குளிசை போட்டும் மாறாத மனச்சோர்வும், எனக்கே தெரியாத என் குறட்டையும்

இரண்டு வருசமும் இரண்டு மாதமும் போயிற்று. வைத்தியர்மாருக்குக் கட்டிய காசு, தேவையில்லாமல் எடுத்த தலை ஸ்கான், சத்துக் குளிசைகள், லேகியம், கொழும்புப் பயணம் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் ரூபா. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருசம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவளுக்கு எழுதி வைக்கிற பழக்கம் லேசில் போகாது. அத்தனை வருசமும் சுவாசத் தொகுதியைக் கரும்பலகையில் கீறி, தொண்டைப் பகுதிக்குச் சிவப்புச் சோக்கால் நிறம் தீட்டியிருக்கிறேன். என்னுடைய தொண்டை இரவில் என்ன செய்கிறது என்பதை அறுபது வயதில், ஒரு கைத்தொலைபேசிப் பதிவில்தான் கேட்டறிந்தேன். அந்த வருத்தத்துக்கு நித்திரை மூச்சுத் தடை (ஸ்லீப் அப்னியா) என்று பெயர்.

தொடங்கியது 2022 பங்குனியில். கரண்ட் வெட்டும் மண்ணெண்ணெய் வரிசையுமாய் நாடே நித்திரையில்லாமல் கிடந்த காலம். அதனால் என் நித்திரை கெட்டதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. இரவில் மூன்று தரம் சலம் கழிக்க எழும்புவேன். சீனி வருத்தமோ என்று இரத்தம் சோதித்தால் இல்லை என்று வந்தது. விடிய எழும்பும்போது வாய் மணல் தின்றதுபோலக் காய்ந்திருக்கும், நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் பாரமான ஒரு தலையிடி, பத்து மணியளவில் தானாகப் போய்விடும். பேப்பரில் ஒரு பந்தியை மூன்று தரம் வாசித்தாலும் ஏறாது. மீன்காரரோடு இருபது ரூபாவுக்குச் சண்டை பிடித்துவிட்டு, உள்ளே வந்து அரை மணித்தியாலம் அழுதிருக்கிறேன். பிறகு பிறகு கோயிலுக்குப் போவதும் நின்றது, போன் எடுப்பதும் நின்றது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பொம்பிளை அழுதால் காரணம் தேடி ஒருவரும் கஷ்டப்படத் தேவையில்லை. கைவசம் வேண்டிய அளவு இருக்கிறது. 1995 இடப்பெயர்வு, முந்தின வருசம் செத்துப்போன புருசன், ரொறன்ரோவில் மகன், லண்டனில் மகள். "அக்கா, பிள்ளையள் பக்கத்தில இல்லாத யோசனைதான் உங்களுக்கு. கொஞ்ச நாளைக்கு எங்களோட வந்து இருங்கோ" என்று தங்கச்சி சொன்னாள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. சோகத்துக்கு எங்களிடம் அவ்வளவு நியாயம் இருப்பதால் உடம்பைப் பார்க்க வேணும் என்ற நினைப்பே ஒருவருக்கும் வருவதில்லை, எனக்கும் வரவில்லை.

முதலில் போன இடத்தில் குளோனாசெபாம் அரை மில்லிகிராம் தந்தார்கள். நித்திரை வரவில்லை என்று சொன்னது நான்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று இரவு நல்ல நித்திரை. நாலாம் நாளிலிருந்து காலையில் கல்லைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. காரணத்தை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டுப்படுகிறார்கள். அந்த வகைக் குளிசைகள் தசையைத் தளர்த்தும், விழிப்பையும் மந்தமாக்கும். மதுவும் அப்படித்தான். தொண்டை அடைபடுகிற ஒருவருக்கு அடைப்பு நீளும், மூளை எழுப்புவதும் பிந்தும். நித்திரை ஆழமாக இருந்ததுபோலத் தெரிந்தாலும் உடம்புக்கு அது இன்னும் மோசமான இரவு. குறட்டை விடுகிறவர்கள் நித்திரைக் குளிசை கேட்கப் போனால், "நான் குறட்டை விடுறனான்" என்பதை முதல் வசனமாகச் சொல்லவேண்டும். ஏற்கெனவே மாதக்கணக்காகப் போடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்புக்கூட வரும். வைத்தியர் சொல்லும் அளவில், கிழமைக்குக் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எனக்கு அது பத்துக் கிழமை எடுத்தது.

பிறகு மனநலக் கிளினிக். அங்கே என்னை மரியாதையாகக் கேட்டார்கள், நேரம் ஒதுக்கினார்கள். பி.எச்.கியூ-9 என்று ஒன்பது கேள்வித் தாள் ஒன்று நிரப்பினேன். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. 10இலிருந்து நடுத்தர மனச்சோர்வு, 15இலிருந்து அதைவிடக் கடுமை, 20இலிருந்து மிகக் கடுமை. எனக்கு 16. செர்ட்ரலின் 50 மில்லிகிராம் தொடங்கினார்கள். இரண்டு மாதத்தால் மறுபடி நிரப்பினேன், 13. மருந்து போதவில்லை என்று 100 ஆக்கினார்கள். பிறகும் 13.

அந்த இரண்டு தாள்களையும் நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒரு வருசம் கழித்து அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேள்வியாகக் கூட்டிப் பார்த்தபோதுதான் விசயம் பிடிபட்டது. ஒன்பதில் மூன்றாவது கேள்வி நித்திரை, நாலாவது களைப்பு, ஐந்தாவது சாப்பாடு, ஏழாவது கவனம். இந்த நாலிலும் எனக்கு முதல் தாளில் 3, 3, 2, 3, ஆக 11. மிச்ச ஐந்தும்தான் மனம் சம்பந்தப்பட்டது: கவலை 2, எதிலும் விருப்பமின்மை 2, என்னைப்பற்றிய குறைநினைப்பு 1. மருந்துக்குப் பிறகு அந்த ஐந்து இரண்டாகியிருந்தது. 11 மட்டும் 11ஆகவே நின்றது. மருந்து தன்னால் முடிந்த இடத்தில் வேலை செய்திருக்கிறது, அதற்கு எட்டாத இடத்தில் அசையவில்லை. நாங்கள் எல்லாரும் மொத்தத்தைப் பார்த்து மருந்தைக் கூட்டிக்கொண்டிருந்தோம். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ குளிசை போட்டும் புள்ளி இறங்கவில்லை என்றால் மொத்தத்தை விட்டுவிட்டு, எந்தக் கேள்விகள் அசையவில்லை என்று பாருங்கள். 3, 4, 7 மூன்றும் பிடித்துக்கொண்டு நின்றால் வைத்தியரிடம் "நித்திரையையும் ஒருக்கால் பார்ப்பமோ?" என்று கேட்க அது போதுமான காரணம்.

ஒன்பதாவது கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாவைப் பற்றிய நினைப்பு வருகிறதா என்பது அது. தாள் நிரப்பின நாளில் 0 போட்டேன், அது உண்மை. ஆனால் 2023 ஐப்பசியில் ஒரு விடியப்புறம், இனி எழும்பாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். பயமாகக்கூட இருக்கவில்லை, அதுதான் பிறகு பயமாயிருந்தது. அப்படி ஒரு நினைப்பு வந்தால் நித்திரைச் சோதனைக்கோ அடுத்த கிளினிக் திகதிக்கோ காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். நான் அன்று காலை தங்கச்சிக்கு எடுத்தேன். அவள் வந்து வீட்டில் இருந்த குளிசை முழுவதையும், தோட்டத்து மருந்துப் போத்தலையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஏழு நாள் குளிசை எண்ணித் தருவாள். எனக்கு அது அவமானமாக இருந்தது என்பதையும் ஒளிக்கவில்லை. ஆனால் செய்ய வேண்டிய காரியம் அதுதான்.

2024 மாசியில் தங்கச்சியின் மகள் பரீட்சைக்குப் படிக்க என் வீட்டுக்கு வந்து ஒரே அறையில் படுத்தாள். மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணியோடு வந்து நின்று, "பெரியம்மா, கோவிக்காதேங்கோ. நீங்கள் இரவில மூச்சு விடுறேல்லை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு விடாமல் எப்படி இருப்பது? அன்றிரவு அவள் தன் போனை ஸ்டூலில் வைத்துப் பதிவு போட்டாள். அடுத்த நாள் குசினி மேசையில் வைத்துக் கேட்டோம். முதல் இரண்டு மணித்தியாலம் நான் புரள்கிற சத்தம், காற்றாடி, தூரத்தில் நாய். பிறகு குறட்டை, சின்ன மரம் அரிகிறதுபோல. நாலரை மணிக்குக் கோயில் லவுட்ஸ்பீக்கர் தொடங்குகிறது. பாட்டு ஒழுங்காகப் போகிறது, என் குறட்டை நின்றுவிட்டது. மணிக்கூட்டின் செக்கன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 14, 19, 22. இருபத்திரண்டாவது செக்கனில் தண்ணீருக்குள் மூழ்கினவள் மேலே வந்ததுபோல ஒரு இழுப்பு. பிறகு குறட்டை. பிறகு மறுபடி அமைதி, பாட்டு மட்டும். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். புருசன் இருந்த காலத்திலும் கடைசிப் பத்து வருசம் விறாந்தையில்தான் படுத்தார், காற்று வரும் என்று. என் சத்தத்துக்காகத்தான் போனாரோ என்று இனிக் கேட்கவும் முடியாது.

தனியாய் இருக்கிறவர்கள் இந்தப் பதிவைத் தாங்களே செய்யலாம். போனைத் தலையிலிருந்து ஒரு கை நீளத்தில், காற்றாடிக்கு எதிர்ப்பக்கமாக, சார்ஜரில் போட்டு, பிளைட் மோடில் வைக்க வேண்டும். குறட்டை பெரிதா சின்னதா என்பதைவிட முக்கியம் குறட்டைக்கு நடுவில் வருகிற அமைதியும், அது முடியும்போது வருகிற இழுப்பும். முழு இரவையும் கேட்கத் தேவையில்லை, விடியப்புறம் மூன்றிலிருந்து ஐந்து வரை கேளுங்கள். கனவு காணும் நித்திரை அந்த நேரத்தில்தான் கூட, அப்போது உடம்புத் தசைகள் ஏறக்குறைய முழுதாகத் தளர்ந்துவிடும். சத்தம் கேட்காவிட்டால் வருத்தம் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

நடப்பது இதுதான். நித்திரையில் நாக்கின் அடியும் மெல்லண்ணமும் பின்னுக்குச் சரிந்து மூச்சு வழியை அடைக்கின்றன. நெஞ்சு இழுக்கப் பாடுபடுகிறது, காற்று போவதில்லை. ஒட்சிசன் இறங்குகிறது, மூளை பதறி ஒரு கணம் எழுப்புகிறது, வழி திறக்கிறது. அந்த விழிப்பு சில செக்கன்தான், காலையில் ஞாபகம் இருக்காது. மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ 10 செக்கனாவது நீடித்தால் ஒன்று என்று எண்ணுவார்கள். மணித்தியாலத்துக்கு எத்தனை என்பதுதான் ஏ.எச்.ஐ. 5இலிருந்து இலேசு, 15இலிருந்து நடுத்தரம், 30இலிருந்து கடுமை. இரவில் அடிக்கடி சலம் போவதும் இதன் வேலைதான். அடைபட்ட வழிக்கு எதிராக இழுக்கும்போது இருதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து, அதை வெளியேற்றச் சொல்லும் ஓமோனை இருதயம் சுரக்கிறது. இப்படி துண்டு துண்டாக வெட்டுப்பட்ட நித்திரையில் பயம், கோபம், அழுகை கிளம்புகிற மூளைப் பகுதிகள் மிகையாக எழும்பும், அவற்றை அடக்கி வைக்கிற முன்மூளை சோர்ந்து கிடக்கும். மீன்காரரோடு பிடித்த சண்டைக்கும் எனக்கு இப்போது ஒரு விளக்கம் இருக்கிறது. காலையில் மனம் மிக மோசமாகவும் பின்னேரம் கொஞ்சம் தேறியும் இருப்பது மனச்சோர்வுக்கும் அடையாளம் என்பதால், இரண்டும் ஒன்றின் முகத்தை மற்றது போட்டுக்கொண்டு திரியும்.

பொம்பிளையளுக்கு இது ஏன் இவ்வளவு பிந்திப் பிடிபடுகிறது என்று எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. பரவலாகக் கேட்கிற ஸ்டொப்-பாங் என்ற எட்டுக் கேள்வியில் ஆணாக இருந்தால் ஒரு புள்ளி, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் ஒரு புள்ளி, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டிருந்தால் ஒரு புள்ளி. விதவைக்கு ஆர் காண்பது? எனக்கு 2 வந்தது, அதில் "ஆபத்துக் குறைவு" என்று அர்த்தம். எப்வர்த் என்ற இன்னொன்று, எட்டுச் சந்தர்ப்பங்களில் கண்ணயர்வீர்களா என்று கேட்கும். 24க்கு 10க்கு மேல் வந்தால்தான் பகல் நித்திரை கூடுதல். எனக்கு 7. ஏனென்றால் நான் கண்ணயர்வதில்லை, களைத்துப்போய் இருப்பேன். பெண்களுக்கு இது பெரும்பாலும் களைப்பாய், நித்திரையின்மையாய், தலையிடியாய், அழுகையாய்த்தான் வரும், மாதவிடாய் நின்ற பிறகு கூடவும் செய்யும். அந்த வயதில் அழுதால் "மெனோபோஸ்" என்று ஒரு பெயர் தயாராய் இருக்கிறது. அதோடு குறட்டை விடுகிறேன் என்று ஒரு பெண் வாயால் சொல்லுவதே எங்கள் ஊரில் வெட்கம்.

சோதனைக்கு வருவோம். குடும்ப வைத்தியரிடமோ கிளினிக்கிலோ சுவாச நோய் வைத்தியருக்கு அல்லது காது மூக்குத் தொண்டை வைத்தியருக்கு ஒரு கடிதம் கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் காசில்லை, ஆனால் முறைக்குக் காத்திருக்க வேண்டும். நான் பொறுமையில்லாமல் தனியாரில் வீட்டுச் சோதனைக்கு 28,000 கட்டினேன். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டி, விரலில் ஒட்சிசன் கிளிப். முடிவு ஏ.எச்.ஐ 9, "இலேசு, எடையைக் குறையுங்கோ". இந்த இடத்தில் இன்னொரு நாலு மாதம் போயிருக்கும். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை நான் வாசித்ததால் தப்பினேன். பதிவான நேரம் 6 மணித்தியாலம், நிகழ்வுகள் 54. 54ஐ 6ஆல் பிரித்தால் 9. ஆனால் அந்தக் கருவிக்கு நான் நித்திரையா விழிப்பா என்று தெரியாது, அது மூளை அலையைப் பார்ப்பதில்லை. நான் அன்றிரவு மூன்று மணித்தியாலம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். 54ஐ 3ஆல் பிரித்தால் 18. நித்திரை வராதவர்களுக்கு வீட்டுச் சோதனை இப்படித்தான் குறைத்துக் காட்டும். அதனால் சோதனை இரவில் எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது விழித்திருந்தேன் என்று ஒரு துண்டில் எழுதி அறிக்கையோடு கொடுங்கள். பிறகு கொழும்பில் ஒரு இரவு தங்கி, தலையில் வயர் ஒட்டி எடுத்த முழுச் சோதனைக்கு 55,000. ஏ.எச்.ஐ 22. கனவு நித்திரையில் மட்டும் 48. ஒட்சிசன் ஆகக் குறைந்தது 78 வீதம். அதோடு இரத்தம் எடுத்துத் தைரொயிட்டும் பார்த்தார்கள். தைரொயிட் குறைந்தாலும் களைப்பு, மனச்சோர்வு, தொண்டை அடைப்பு மூன்றும் வரும் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது.

இதற்கு எனக்குச் சொன்ன வைத்தியம் சீபாப் மெஷின். அது பெரிய மந்திரமில்லை. மூக்கு வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தபடி வைத்திருக்கும் ஊதுகுழல். சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் வெளியிட்ட முறை. எனக்கு மெஷின் 285,000, பிறகு சரியான மாஸ்க் 34,000. மெஷினோடு தந்த மாஸ்க் வாயையும் மூக்கையும் மூடுகிற பெரிய அளவு, என் முகத்துக்கு அது ஒரு சட்டி. வாங்க முதல் மூன்று அளவையாவது படுத்தபடி போட்டுப் பார்க்கக் கேளுங்கள். இருந்து பார்ப்பது வேறு, படுத்தால் கன்னம் சரியும்.

வெளிநாட்டில் ஆரோ பாவித்த மெஷின் வருகிறது என்றால் அவசரப்படாதீர்கள். உள்ளே இருக்கும் சத்தமடக்கும் நுரைப் பஞ்சு உதிர்கிறது என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஆனியில் பல மொடல்களைத் திருப்பி அழைத்தது. அப்படியான பழைய மெஷின்கள் இன்னும் பரணில் கிடக்கலாம். தொடர் இலக்கத்தைப் பார்த்து அந்தப் பட்டியலில் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகுதான் பார்சலில் போடச் சொல்லவேண்டும். அழுத்தமும் வைத்தியர் எழுதித் தந்ததாக இருக்க வேண்டும், முந்தி பாவித்தவருடைய அழுத்தம் உங்களுக்கல்ல.

முதல் இரவு ஒரு மணி நாற்பது நிமிசம் போட்டிருந்தேன். மூச்சு முட்டுகிறது என்று பிடுங்கி எறிந்தேன். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறட்டும் என்று 4இல் தொடங்க வைத்திருந்தார்கள், அந்த 4 எனக்குக் காற்றுப் போதாமல் இருந்தது. தொடக்கத்தை 6 ஆக்கியதும் அந்த முட்டல் போய்விட்டது. முகத்தில் ஒன்று இறுகுவதே சிலருக்குப் பழைய பயங்களைக் கிளப்பும். பங்கருக்குள் இருந்த சனம் நாங்கள், இதில் வெட்கமில்லை. அப்படியானவர்கள் ஒரு கிழமைக்குப் பின்னேரம் ரிவி பார்க்கும்போது மெஷினைப் போட்டபடி அரை மணித்தியாலம் இருந்து பழகுங்கள், படுக்கையில் முதல் தரம் பழகாதீர்கள்.

கையேட்டில் இல்லாத, எங்கள் ஊருக்கே உரிய சில்லறைப் பிரச்சினைகளும் இருக்கின்றன. கொண்டை போட்டுக்கொண்டு படுத்தால் பின்பட்டி மேலே ஏறி மாஸ்க் விலகும், தாழப் பின்னிவிட வேண்டும். முகத்தில் எண்ணெய் இருந்தால் சிலிக்கன் வழுக்கிக் காற்றுக் கசியும், கண்ணுக்குள் அடிக்கும், சிலிக்கனும் கெதியில் பழுதாகும். சவர்க்காரம் போட்டு முகம் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும், மாஸ்க்கின் மென்பகுதியைக் காலையில் மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கழுவ வேண்டும், குழாயைக் கிழமைக்கு ஒருக்கால். அறையில் நுளம்புத்திரி கொளுத்தினால் மெஷின் அந்தப் புகையை உறிஞ்சி நேரே உங்கள் நெஞ்சுக்குள் அனுப்பும். நுளம்புவலை கட்டி, குழாயை வலையின் அடியால் எடுங்கள். ஈரப்பதன் தொட்டிக்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை விடவே கூடாது. கேத்தலின் அடியில் படிகிற அந்த வெள்ளைச் சுண்ணாம்பு முதல் கிழமையிலேயே தட்டில் படியும். காய்ச்சினாலும் கல்சியம் முழுதாகப் போகாது. காய்ச்சி வடித்த நீரை (டிஸ்டில்ட் வோட்டர்) மருந்துக் கடையில் வாங்குங்கள். எனக்கு வாடைக்காற்று அடிக்கிற மார்கழி, தை இரண்டு மாதமும்தான் ஈரம் தேவைப்படுகிறது. மற்றக் காலத்தில் தொட்டியே போடுவதில்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் புழுதிக்காக மெஷினின் காற்று வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் மாற்றுவேன்.

கரண்ட் போவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். கொம்பியூட்டர் யு.பி.எஸ் ஒன்று இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். அதன் உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி, ஆக 84 வாட் மணி. சூடாக்கி நிறுத்திய மெஷின் ஏறக்குறைய 30 வாட் இழுக்கும், இழப்புகளோடு ஒன்றரை மணித்தியாலத்தில் அது கத்தத் தொடங்கியது. 12 வோல்ட் 40 அம்பியர் மணி பற்றரி என்றால் 480 வாட் மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 240 கிடைக்கும், 30ஆல் பிரித்தால் எட்டு மணித்தியாலம், ஒரு இரவு. சூடாக்கியைப் போட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். சில மெஷின்களுக்கு 24 வோல்ட் வேண்டும், அவற்றுக்கு நடுவில் ஒரு மாற்றி தேவை. 2025 மாசி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டதும், அடுத்தடுத்த நாள் ஒன்றரை மணித்தியால வெட்டு வந்ததும் நினைவிருக்கும். ஊரே குரங்கைத் திட்டியது, எனக்கு மட்டும் பற்றரி வாங்கிய 30,000 ரூபா அன்று சீரணித்தது. பற்றரி இல்லாதவர்கள் வெட்டு நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சரிந்து படுங்கள், மல்லாந்து படுக்காதீர்கள்.

இனி மனசு. சலம் போக எழும்புவதும் காலைத் தலையிடியும் முதல் கிழமையிலேயே போய்விட்டன. அந்தச் சந்தோசத்தில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்த்தேன், மாறவில்லை. மூன்றாம் கிழமை வழமையைவிட மோசமாக அழுதேன். மனம் தேற ஆறிலிருந்து எட்டுக் கிழமை எடுத்தது, அதுவும் ஒரு நாள் நல்லாய், இரண்டு நாள் கெட்டுத்தான். 2015இல் வந்த மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், மூச்சுத் தடை புதிதாகக் கண்ட நூறு பேரில் 73 பேருக்கு பி.எச்.கியூ புள்ளி 10 அல்லது அதற்கு மேல். மூன்று மாதம் இரவுக்கு ஐந்து மணித்தியாலமாவது மெஷின் போட்டவர்களில் அது நூற்றுக்கு 4. இதைப் பலர் மகிழ்ச்சியோடு பகிர்கிறார்கள். மேலே நான் கூட்டிக் காட்டிய 11 புள்ளியை நினைத்துப் பாருங்கள். அந்த இறக்கத்தில் ஒரு பங்கு நித்திரைக் கேள்விகள் இறங்கியதால்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மெஷின் போடாத குழுவும் அதில் இல்லை. 2016இல் வந்த, ஏறக்குறைய 2,700 பேரைப் பின்தொடர்ந்த சேவ் என்ற பரிசோதனையில் மெஷின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை, பகல் நித்திரையையும் மனநிலையையும் தேற்றியது. இவ்வளவுதான் நம்பலாம், இதுவே எனக்குப் போதும்.

அதனால் மெஷின் வந்த கையோடு மனநலக் குளிசையை நிறுத்தினேன் என்று சொல்லுகிறவர்களைப் பின்பற்ற வேண்டாம். என் வைத்தியர் செர்ட்ரலினை ஒன்பது மாதம் அப்படியே வைத்திருந்து, பிறகுதான் 100ஐ 50 ஆக்கினார். காலையில் போடச் சொன்னார், இரவில் போட்டால் சிலருக்கு நித்திரையைக் கலைக்கும். மூச்சுத் தடை வைத்தியரும் மனநல வைத்தியரும் ஒருவரோடொருவர் கதைக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொப்பியையும் இரண்டு இடத்துக்கும் கொண்டுபோக வேண்டியது நாங்கள்தான். மெஷினின் கார்டில் இருக்கும் மூன்று எண்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: இரவுக்கு எத்தனை மணித்தியாலம், மிச்ச ஏ.எச்.ஐ (5க்குக் கீழே இருக்க வேண்டும்), கசிவு.

மூச்சு சரியான பிறகும் எனக்கு நித்திரை வருவது சரியாகவில்லை. அது வேறு வருத்தம், இரண்டும் ஒன்றாக இருப்பது சாதாரணம். வேலையில்லை என்று எட்டரைக்கே படுக்கைக்குப் போய் ஆறு மணிக்கு எழும்புவேன். ஒன்பதரை மணித்தியாலம் கிடந்து ஆறு மணித்தியாலம் நித்திரை. இரண்டு கிழமை நித்திரைக் குறிப்பு எழுதியபின், ஒருவர் வழிகாட்டலோடு படுக்கை நேரத்தை இரவு 11இலிருந்து காலை 5.30 என்று கட்டினேன். வராவிட்டால் எழும்பி விறாந்தையில் இருப்பது, பகலில் படுப்பதில்லை. கிடக்கிற நேரத்தில் 85 வீதம் நித்திரையானால் கிழமைக்குக் கால் மணித்தியாலம் கூட்டுவது. முதல் பத்து நாள் நரகம், அந்தப் பத்து நாளும் ஸ்கூட்டியைத் தொடவில்லை. நித்திரை குறைந்தும் களைக்காமல், கதையும் வேகமும் செலவும் கூடுகிற நாட்கள் உங்களுக்கு எப்போதாவது இருந்திருந்தால் இந்த முறையைத் தனியாகத் தொடங்கவே கூடாது. இருமுனை வருத்தத்தில் நித்திரையைக் குறைப்பது மனத்தை மறுபக்கம் தூக்கி எறியும், அதை முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊருகிறது, ஆட்டினால்தான் சுகம் என்று இருப்பவர்களுக்கு இன்னொரு கதை. அது கால் அமைதியின்மை (ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்). செர்ட்ரலின், மிர்ட்டாசபின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகளும், தடிமனுக்குப் போடும் பிரிட்டோன் (Piriton) குளிசையும் அதைக் கூட்டும். இரத்தத்தில் பெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வுகூடத் தாளில் "சாதாரணம்" என்று இருந்தாலும் 75க்குக் கீழே என்றால் இந்த வருத்தத்துக்கு இரும்புச்சத்துக் கொடுப்பது வழக்கம்.

போன கிழமை பி.எச்.கியூ நிரப்பினேன், 4. அதில் 2 கவலைக்கு. அவர் இல்லாத வீட்டில் அந்த 2 இருக்கத்தான் செய்யும், அதைக் கதைக்க மாதம் ஒருக்கால் போகிறேன். மாஸ்க்கின் சிலிக்கன் ஓரம் மஞ்சளித்துவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு மகன் வரும்போது சிறிய அளவில் இரண்டு கொண்டுவரச் சொல்லி எழுதியிருக்கிறேன். நடுத்தரம் கொண்டு வந்துவிடுவான், இன்னொருக்கால் நினைவூட்ட வேண்டும்.